பிளாட்டினத்தில் ஒட்டும் படலம் எஃகில் ஏன் உரிகிறது? அமீன்களை ஆக்சிஜனேற்றிப் பாலிமர் பூச்சு வளர்ப்பது பற்றி

கேட்கப்பட்ட கேள்வியின் சாரம் இது: "பிளாட்டினம் தகட்டில் அனிலினைச் சல்பூரிக் அமிலக் கரைசலில் மின்வேதி முறையில் ஆக்சிஜனேற்றம் செய்தால் பச்சை நிறப் பாலிமர் படலம் நன்றாக வருகிறது. அதே கரைசலில் சாதாரண எஃகுத் தகட்டை வைத்தால் தகடு கரைகிறது. வந்த கொஞ்சம் படலமும் கழுவும்போதே உரிந்து போகிறது. ஆர்த்தோ-ஃபினிலீன்டைஅமீனைப் போட்டுப் பார்த்தேன், சில நிமிடங்களில் மின்னோட்டமே விழுந்துவிட்டது. எத்திலீன்டைஅமீனிலிருந்தும் பூச்சு வரும் என்று படித்தேன். இதெல்லாம் ஒரே வேதியியலா? நான் எங்கே தவறு செய்கிறேன்?"

மூன்றும் ஒரே இடத்தில் தொடங்குகின்றன, வெவ்வேறு இடங்களில் போய் முடிகின்றன. எங்கே போய் முடியும் என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் ஒரே ஒரு விஷயம்: உருவாகும் படலம் மின்சாரத்தைக் கடத்துமா, கடத்தாதா. இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால் உங்கள் மூன்று சோதனைகளுக்கும் விளக்கம் கிடைத்துவிடும். எஃகு விஷயத்தில் மட்டும் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு, அங்கே உங்கள் அனிலினோடு இரும்பும் போட்டி போடுகிறது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் தொடக்கப்புள்ளி. அமீன் மூலக்கூறின் நைட்ரஜனில் பிணைப்பில் சேராத ஓர் எலக்ட்ரான் இணை இருக்கிறது. நேர்மின்முனையின் மின்னழுத்தத்தை உயர்த்திக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் அந்த இணையிலிருந்து ஓர் எலக்ட்ரானை மின்முனை பறித்துக்கொள்கிறது, ஆக்சிஜனேற்றம் என்பது இதுதான். மிஞ்சுவது நேர்மின்சுமையும் ஒற்றை எலக்ட்ரானும் கொண்ட ஒரு தனி உறுப்பு. உங்கள் மூன்று அமீன்களுக்கும் முதல் படி இதுதான். அனிலின், டைஃபினைல்அமீன் போன்ற வளைய அமீன்களில் அந்த ஒற்றை எலக்ட்ரான் பென்சீன் வளையத்துக்குள்ளும் பரவி நிற்பதால் அது கொஞ்சம் நிலையாக இருக்கிறது, ஆகவே குறைந்த மின்னழுத்தத்திலேயே உருவாகிறது. எத்திலீன்டைஅமீன் போன்ற சங்கிலி அமீன்களில் பரவ இடமில்லை. அதனால் அவற்றுக்கு 1 வோல்ட்டுக்கு மேலேயே போக வேண்டியிருக்கிறது.

இங்கே பலரும் தடுக்கி விழும் ஓர் இடம் அமிலம். அமிலக் கரைசலில் அமீனின் எலக்ட்ரான் இணையில் ஒரு புரோட்டான் வந்து உட்கார்ந்துவிடும். அப்படி உட்கார்ந்த மூலக்கூறை ஆக்சிஜனேற்றுவது மிகக் கடினம், பறிக்க வேண்டிய எலக்ட்ரான் இணை பிணைப்பில் போய்விட்டது. அப்படியானால் அனிலினை 1 மோலார் சல்பூரிக் அமிலத்தில் எப்படிப் பாலிமராக்குகிறோம்? புரோட்டான் ஏறிய அனிலினான அனிலினியம் அயனியின் பிகேஏ மதிப்பு, அதாவது பாதி மூலக்கூறுகள் புரோட்டானை விட்டிருக்கும் பிஹெச், 4.6. பிஹெச் ஏறத்தாழ பூஜ்யமாக இருக்கும் கரைசலில், நாற்பதாயிரம் மூலக்கூறுகளுக்கு ஒன்றுதான் புரோட்டான் இல்லாமல் இருக்கும். அது போதும். அந்த ஒன்று மின்முனையில் செலவானால், சமநிலை உடனே அடுத்ததை விடுவித்துக் கொடுக்கும். சங்கிலி அமீன்களின் பிகேஏ மதிப்போ 10-ஐ ஒட்டி இருக்கிறது. அதே அமிலத்தில் அவற்றின் பங்கு ஆயிரம் கோடியில் ஒன்று என்ற அளவுக்குப் போய்விடும். அதனால்தான் எத்திலீன்டைஅமீனை அமில நீரில் போட்டால் எதுவும் நடப்பதில்லை. அதற்கு நீரில்லாத கரைப்பான் வேண்டும், அல்லது அமீனையே கரைப்பானாக வைக்க வேண்டும்.

சரி, தனி உறுப்பு உருவாகிவிட்டது. இனி அதற்கு மூன்று வழிகள். மிகவும் நிலையானதாக இருந்தால் மின்முனையை விட்டு விலகிக் கரைசலுக்குள் போய், அங்கே சிறு சங்கிலிகளாகச் சேரும். கரைசல் நிறம் மாறும், தகட்டில் ஒன்றும் இருக்காது. மிகவும் துடிப்பானதாக இருந்தால் நீரையோ, கரைப்பானையோ, கண்ணில் பட்ட அயனியையோ பிடித்து வேறு பொருளாக மாறிப்போகும். இரண்டுக்கும் நடுவில் இருந்தால்தான் மின்முனைக்குப் பக்கத்திலேயே தன் இனத்தைச் சந்தித்து இணைந்து, சங்கிலி நீண்டு, கரையும் எல்லையைத் தாண்டி, தகட்டின் மேல் படிகிறது. பூச்சு தயாரிக்கும் வேலையில் நாம் மாற்றிப் பார்க்கும் அமிலச் செறிவு, வெப்பநிலை, அமீன் செறிவு, மின்னழுத்தம் எல்லாமே இந்த நடுப்பாதையில் அந்த உறுப்பை நிறுத்தி வைப்பதற்கான முயற்சிகள்தாம். கரைசலைக் கலக்கிக்கொண்டே செய்தால் படலம் குறைவாக வருவதும் இதனால்தான். கலக்கும்போது தனி உறுப்புகள் அடித்துச் செல்லப்படுகின்றன.

அனிலினில் நடப்பதை இன்னும் கிட்டப் போய்ப் பார்ப்போம். ஒரு மூலக்கூறின் நைட்ரஜன், இன்னொன்றின் வளையத்தில் நைட்ரஜனுக்கு நேர் எதிரே உள்ள பாரா கார்பனோடு இணைகிறது. இரண்டு புரோட்டான்கள் வெளியேறுகின்றன. இப்படி உருவாகும் இருபடி, பாரா-அமினோடைஃபினைல்அமீன், அனிலினைவிடச் சுலபமாக ஆக்சிஜனேற்றம் அடையும். ஆகவே உருவான உடனே அதுவே அடுத்த இணைப்புக்குத் தயாராகிவிடுகிறது. பாரா இடம் அடைபட்டிருந்தால் இந்தச் சங்கிலி நீளாது, பாரா-டொலுடின் பாலிஅனிலின் வகைப் படலம் தராததற்குக் காரணம் இதுவே. ஆர்த்தோ-டொலுடின் தரும், என்-மெத்தில்அனிலினும் தரும். பிஹெச் உயர உயர, இணைப்பு பாரா இடத்தில்தான் நடக்க வேண்டும் என்ற ஒழுங்கு குலைந்து, நைட்ரஜனுக்குப் பக்கத்துக் கார்பனில் நடக்கும் ஆர்த்தோ இணைப்புகளும், இரண்டு நைட்ரஜன்கள் சேர்ந்த அசோ, மூன்று வளையங்கள் ஒட்டிய ஃபீனசீன் வகை அமைப்புகளும் கலந்து, கடத்தாத பழுப்புப் படலமாக முடியும். அனிலினுக்கு வலுவான அமிலம் தேவைப்படுவது இந்த ஒழுங்குக்காகவும்தான்.

இந்தப் படலத்தை முதலில் பார்த்துப் பதிவு செய்தவர் லண்டனைச் சேர்ந்த ஹென்றி லெதெபி. 1862-இல் அனிலின் சல்பேட் கரைசலில் மின்சாரம் செலுத்தி, பிளாட்டினம் மின்முனையில் நீலப்பச்சைப் படிவு வருவதைக் கண்டார். பாலிமர் என்றால் நீண்ட சங்கிலி மூலக்கூறு என்று ஜெர்மன் வேதியியலாளர் ஸ்டாடிங்கர் வாதாடத் தொடங்கியதே 1920-இல். தான் பார்ப்பது என்ன என்று சொல்ல அப்போது ஒரு வார்த்தைகூட இல்லாத காலத்தில், நிறம் மாறுவதை அவ்வளவு கவனமாக எழுதி வைத்தார் என்பது எனக்கு இன்றும் வியப்பு. இந்தப் பொருள் நன்றாக மின்சாரம் கடத்தும் என்பதும், அமிலமும் ஆக்சிஜனேற்ற நிலையும் சேர்ந்துதான் அந்தக் கடத்தலைத் தீர்மானிக்கின்றன என்பதும் பின்னால்தான் தெளிவானது. 1980-களில் ஆலன் மக்டயார்மிட் குழு இதில் நிறைய வேலை செய்தது. கடத்தும் பாலிமர்களுக்காக 2000-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசை ஹீகர், ஷிரகாவா இருவரோடும் அவர் பகிர்ந்துகொண்டார்.

பாலிஅனிலின் படலத்தின் பச்சை நிறம் அதன் கடத்தும் வடிவமான எமரால்டின் உப்பின் நிறம். முழுமையாக ஒடுக்கினால், அதாவது எலக்ட்ரானைத் திரும்பக் கொடுத்தால், வெளிர் மஞ்சள், முழுமையாக ஆக்சிஜனேற்றினால் ஊதா, அமிலத்தை நீக்கினால் நீலம். இவற்றில் பச்சை மட்டுமே நன்றாகக் கடத்தும். படலம் கடத்துவதால், அதன் வெளிப்பரப்பே புதிய மின்முனையாக வேலை செய்கிறது. அடுத்த அனிலின் அதன் மேலேயே ஆக்சிஜனேற்றம் அடைந்து படிகிறது. அதனால் படலம் வளர்ந்துகொண்டே போகும், மின்சாரத்தை நிறுத்தும்வரை. இன்னும் ஒரு விசேஷம், வெறும் பிளாட்டினத்தின் மேல் அனிலினை ஆக்சிஜனேற்ற, சில்வர்–சில்வர் குளோரைடு ஒப்பீட்டு மின்முனையை வைத்துப் பார்த்தால், ஏறத்தாழ 0.9 வோல்ட் தேவை. ஒருமுறை பாலிமர் விதை விழுந்துவிட்டால் அதைவிடக் குறைவாகவே போதும். வளர்ந்த படலமே மேலும் வளர்ச்சியைத் தூண்டுகிறது.

இதிலிருந்து கிடைக்கும் நடைமுறைப் பாடம் முக்கியமானது. மின்னழுத்தத்தைத் திரும்பத் திரும்ப ஏற்றி இறக்கி மின்னோட்டத்தை அளக்கும் சுழற்சி வோல்டமெட்ரி முறையில் செய்கிறீர்கள் என்றால், முதல் இரண்டு மூன்று சுற்றுகளுக்கு மட்டும் மேல் எல்லையை 0.9 முதல் 1.0 வோல்ட் வரை வைத்து விதையை விழவையுங்கள். அப்புறம் 0.75–0.8-க்கு இறக்கிவிடுங்கள். வரைபடத்தில் 0.2 வோல்ட் அருகே ஒரு முகடும் 0.7–0.8 அருகே இன்னொன்றும் ஒவ்வொரு சுற்றிலும் உயரும். அவைதான் படலத்தின் வளர்ச்சி. இரண்டுக்கும் நடுவே, 0.5 வோல்ட் அருகே, மூன்றாவதாக ஒரு சின்ன முகடு தலைதூக்கினால் கவனியுங்கள். அது பெரும்பாலும் சங்கிலி நீரால் அறுபட்டு பென்சோகுவினோன் வகைப் பொருள்கள் உருவாவதன் அடையாளம்.

நான் இந்த வேலைக்கு வந்த புதிதில் இதைத் தெரிந்துகொள்ளாமல் 1.2 வோல்ட்டில் ஒரு மணி நேரம் நிறுத்தி வைத்தேன். தடித்த, கருத்த, பார்வைக்கு அருமையான படலம் வந்தது. ஆனால் வெறும் அமிலத்தில் வைத்துச் சோதித்தபோது வரைபடம் கிட்டத்தட்ட தட்டையாக இருந்தது, படலம் செத்துப்போயிருந்தது. மிகை ஆக்சிஜனேற்றம் அடைந்த பாலிஅனிலினைத் திரும்ப உயிர்ப்பிக்க முடியாது. படலத்தின் தரத்தை நிறத்தையும் தடிமனையும் பார்த்து முடிவு செய்யக்கூடாது என்று அன்றைக்கு விளங்கியது. அமீன் இல்லாத அமிலத்தில் ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பதுதான் உண்மையான பரிசோதனை.

இப்போது உங்கள் ஆர்த்தோ-ஃபினிலீன்டைஅமீன். நடுநிலைக்கு அருகிலான பிஹெச்சில் இதை ஆக்சிஜனேற்றினால் வரும் படலம் கடத்தாது. தகட்டின் ஓரிடத்தில் பாலிமர் படிந்தவுடன் அந்த இடம் மின்னோட்டத்துக்கு அடைபட்டுவிடுகிறது. மின்னோட்டம் இன்னும் திறந்திருக்கும் இடங்களைத் தேடிப் போகிறது, அங்கேயும் படிந்து அடைக்கிறது. எல்லா இடமும் மூடியதும் தானாக நின்றுவிடுகிறது. வழக்கமாக 10 நானோமீட்டர் அளவில் நின்றுவிடும். நீங்கள் பார்த்த "மின்னோட்டம் விழுந்துவிட்டது" என்பது இதுதான். சோதனை தோற்கவில்லை, படலம் முழுமையாகிவிட்டது. இதே அமீனை வலுவான அமிலத்தில் செய்தால் ஃபீனசீன் வளையங்கள் கோத்த, ஓரளவு மின்வேதிச் செயல்பாடுள்ள வேறு படலம் வரும், அது இவ்வளவு சீக்கிரம் நிற்காது. ஆகவே பிஹெச்சை எழுதி வைக்காமல் இந்த அமீனைப் பற்றிய எந்த முடிவையும் ஒப்பிடாதீர்கள்.

தானாக நிற்கும் இந்தப் படலத்தைக் குறையாக நினைக்க வேண்டாம். எனக்கு மிகவும் பிடித்த பூச்சு இதுதான். காரணம், துளை இருக்கும் இடத்துக்கே மின்னோட்டம் போவதால், இது தன் ஓட்டைகளைத் தானே அடைத்துக்கொள்ளும். தூரிகையாலோ தெளிப்பாலோ பூசி 10 நானோமீட்டரில் துளையில்லாத படலம் எடுப்பதை நினைத்துப் பாருங்கள், எவ்வளவு சிரமம். இங்கே மடிப்பும் முனையும் உள்ள நுண்ணிய கம்பியைக்கூட ஒரே சீராக மூடிவிடலாம். எவ்வளவு நேரம் வைப்பது என்று கணக்குப் பார்க்கவும் வேண்டாம், தடிமனை வேதியியலே முடிவு செய்கிறது.

இதன் மிக நல்ல பயன்பாடு குளுக்கோஸ் உணரி. 1990-இல் இத்தாலியின் பாரி பல்கலைக்கழகக் குழு ஒன்று, குளுக்கோஸ் ஆக்சிடேஸ் நொதியையும் ஆர்த்தோ-ஃபினிலீன்டைஅமீனையும் ஒரே தாங்கல் கரைசலில் கலந்து, பிளாட்டினத்தின் மேல் ஆக்சிஜனேற்றியது. பாலிமர் வளரும்போதே நொதி அதற்குள் சிக்கிக்கொள்கிறது. குளுக்கோஸ் வரும்போது நொதி ஹைட்ரஜன் பெராக்சைடை உருவாக்குகிறது. அந்தச் சின்ன மூலக்கூறு படலத்தைத் தாண்டிப் பிளாட்டினத்தை அடைகிறது. இரத்தத்தில் இருக்கும் அஸ்கார்பிக் அமிலம், யூரிக் அமிலம் போன்றவையும் பிளாட்டினத்தில் ஆக்சிஜனேற்றம் அடையக்கூடியவைதான், அளவீட்டைக் கெடுக்கக்கூடியவைதான். அவற்றை இந்தப் படலம் வெளியே நிறுத்திவிடுகிறது. நொதியைப் பிடித்து வைப்பதையும் வடிகட்டுவதையும் பத்து நானோமீட்டரில் ஒரே படலம் செய்துவிடுகிறது. மெட்டா-ஃபினிலீன்டைஅமீனும் இதே வேலைக்குப் பயன்படுகிறது. டோபமைனும் இந்தக் குடும்பத்துக்கு நெருங்கிய உறவு. அதிலும் வளையமும் அமீனும் உண்டு, ஆனால் முதலில் ஆக்சிஜனேற்றம் அடைவது அமீன் இல்லை, வளையத்தில் அடுத்தடுத்துள்ள இரண்டு ஹைட்ராக்சில் தொகுதிகள், அந்த வளையம் குவினோனாக மாறுகிறது. அப்புறம்தான் அமீன் வளைந்து வந்து அந்தக் குவினோனைத் தாக்கி இன்னொரு வளையத்தை மூடுகிறது. நடுநிலைக் கரைசலில் மின்முனை மேல் வளர்த்தால் அதுவும் கடத்தாத, மெல்லிய படலமாகவே வரும்.

சங்கிலி அமீன்களின் கதை இன்னொரு மாதிரி. அவற்றில் பரவலாகப் பயன்படுவது, கார்பன் பரப்பின் மேல் ஒற்றை மூலக்கூறு அடுக்கை நேரடியாகப் பிணைப்பது. எலக்ட்ரானை இழந்த அமீன் நைட்ரஜனிலிருந்து ஒரு புரோட்டானையும் இழந்து, கார்பன் பரப்பின் இரட்டைப் பிணைப்பைப் பிடித்துக்கொள்கிறது. நைட்ரஜனுக்கும் பரப்புக்கும் நடுவே உண்மையான சகப்பிணைப்பு உண்டாவதால், தேய்த்தாலும் கரைப்பானில் ஊறவைத்தாலும் போகாது. 1990-இல் பிரான்சில் கார்பன் இழைகளின் மேல் இதைச் செய்து காட்டினார்கள். நோக்கம் இழைக்கும் எபாக்சி பிசினுக்கும் நடுவே ஒட்டுதலைக் கூட்டுவது. எத்திலீன்டைஅமீனின் ஒரு முனை இழையோடு பிணைகிறது, சும்மா இருக்கும் மறுமுனை எபாக்சியோடு வினைபுரிகிறது.

இதில் மாணவர்களைக் குழப்பும் ஓர் அழகான முரண் உண்டு. நைட்ரஜனில் மூன்று கார்பன் தொகுதிகள் இருந்தால் மூவிணைய அமீன், இரண்டு என்றால் ஈரிணையம், ஒன்று என்றால் ஓரிணையம். ஆக்சிஜனேற்றம் அடைவதில் மூவிணைய அமீன்தான் சுலபம், ஈரிணையம் அடுத்தது, ஓரிணையம் கடினம். பரப்பில் பிணைவதில் வரிசை தலைகீழ்: ஓரிணையம் நன்றாகப் பிணையும், ஈரிணையம் சுமார், மூவிணையம் பிணைவதே இல்லை. மூவிணைய அமீனின் நைட்ரஜனில் இழப்பதற்குப் புரோட்டான் இல்லை என்பது ஒரு காரணம், நைட்ரஜனைச் சுற்றியுள்ள நெரிசல் இன்னொன்று. எலக்ட்ரானை இழப்பது வேறு, இழந்தபின் ஒட்டிக்கொள்வது வேறு என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் எனக்குத் தெரியாது.

எத்திலீன்டைஅமீனையே கரைப்பானாக வைத்து, அதில் ஒரு லித்தியம் உப்பைக் கரைத்து, தங்கம் அல்லது பிளாட்டினத்தின் மேல் ஆக்சிஜனேற்றினால் பாலிஎத்திலீன்இமின் போன்ற மெல்லிய, கடத்தாத பூச்சு வருகிறது. நீங்கள் படித்தது இதைத்தான் என்று நினைக்கிறேன். அந்தப் பூச்சில் நிறைய அமீன் தொகுதிகள் இருப்பதால், கரைசலின் பிஹெச் மாறும்போது அவை புரோட்டானை ஏற்றும் விட்டும் மின்முனையின் அழுத்தத்தை மாற்றுகின்றன. அதனால் கண்ணாடியில்லாத பிஹெச் உணரியாக அதைப் பயன்படுத்துகிறார்கள்.

இடையில் ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். கார்களின் உடற்பகுதியை ஒரு தொட்டிக்குள் இறக்கி மின்சாரம் செலுத்திப் பூசும் அடிப்பூச்சிலும் அமீன் உண்டு. ஆனால் அங்கே அமீன் ஆக்சிஜனேற்றம் அடைவதில்லை. ஏற்கெனவே தயாரான எபாக்சி பிசினில் அமீன் தொகுதிகளைப் பதித்து, அமிலத்தால் நேர்மின்சுமை ஏற்றி, நீரில் மிதக்கவிடுகிறார்கள். கார் எதிர்மின்முனையாக இருக்கும். அதன் பரப்பில் நீர் ஒடுக்கம் அடைந்து காரத்தன்மை கூடும்போது, அமீன் புரோட்டானை இழந்து, பிசின் கரையும் தன்மையை இழந்து படிகிறது. பாலிமர் அங்கே உருவாவதில்லை, படிய மட்டுமே செய்கிறது. தேடும்போது இரண்டும் கலந்து வரும், எந்த முனையில் நடக்கிறது என்று பார்த்தாலே பிரித்துவிடலாம்.

இனி எஃகு. பிளாட்டினம் அனிலினின் ஆக்சிஜனேற்ற மின்னழுத்தத்தில் சும்மா நிற்கும். இரும்போ அதற்கு வெகு முன்பே ஆக்சிஜனேற்றம் அடைந்து இரும்பு அயனியாகக் கரைசலில் இறங்கத் தொடங்கிவிடும். நீங்கள் கொடுக்கும் மின்சாரத்தின் பெரும்பகுதி இரும்பைக் கரைப்பதற்கே போகிறது. அடியில் பரப்பு கரைந்துகொண்டிருக்கும்போது மேலே படியும் படலத்துக்குப் பிடிமானம் எப்படி வரும்? உரிந்துதான் வரும். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் செய்தால் இன்னும் மோசம், குளோரைடு எஃகில் குழி குழியாக அரிக்கும்.

ஆகவே எஃகில் முதல் வேலை, அனிலின் ஆக்சிஜனேற்றம் அடையும் மின்னழுத்தத்துக்குப் போவதற்குள் இரும்பைச் செயலற்ற நிலைக்கு, அதாவது மெல்லிய அடுக்கு ஒன்று மூடி அது கரையாமல் நிற்கும் நிலைக்கு, கொண்டுவருவது. அந்தச் செயலற்ற அடுக்கு கரைவதைத் தடுக்க வேண்டும், ஆனால் எலக்ட்ரான் தாண்டிப் போகவும் விட வேண்டும். இதற்கு மிகவும் நம்பகமான வழி ஆக்சாலிக் அமிலம். 0.3 மோலார் ஆக்சாலிக் அமிலத்தில் 0.1 மோலார் அனிலின் என்பது பலரும் தொடங்கும் கலவை. மின்னோட்டம் செலுத்தியதும் முதலில் இரும்பு கொஞ்சம் கரையும். கரைந்த இரும்பு உடனே ஆக்சலேட்டோடு சேர்ந்து, எளிதில் கரையாத மஞ்சள் நிற இரும்பு ஆக்சலேட் படிகங்களாகத் தகட்டை மூடும், கரைதல் அடங்கும். மின்னழுத்தம் ஏறும்போது அந்த ஆக்சலேட் அடுக்கு மெல்ல மறையும், அதன் இடத்தில் பாலிஅனிலின் வளரத் தொடங்கும். மாறாத மின்னோட்டத்தில் செய்தால் மின்னழுத்தம் கொஞ்ச நேரம் கீழேயே நின்றுவிட்டு, திடீரென்று தாவி உயர்வதைப் பார்க்கலாம். அந்தத் தாவலுக்குப் பிறகுதான் பூச்சு வேலை ஆரம்பம். நடக்கும்போது பக்கத்தில் இருந்து பாருங்கள், மஞ்சள் மங்கி ஓரங்களிலிருந்து பச்சை ஏறிவரும் காட்சி நன்றாக இருக்கும்.

செம்பும் துத்தநாகமும் எஃகைவிடச் சிரமம் கொடுப்பவை. அவற்றுக்கும் உத்தி அதேதான்: உலோகத்தோடு சேர்ந்து கரையாத அடுக்கு தரும் சாலிசிலேட், ஆக்சலேட் போன்ற அயனியைக் கரைசலில் வைப்பது. அலுமினியத்தில் ஆக்சைடு படலமே எலக்ட்ரானைத் தடுக்கும், அதனால் படலம் திட்டுத் திட்டாக வரும்.

எஃகில் பாலிஅனிலின் பூசுவதன் நோக்கம் துருப் பாதுகாப்பு என்றால், ஒன்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். 1985-இல் டிபெரி என்ற ஆய்வாளர், 410, 430 ரகத் துருவேறா எஃகின் மேல் மின்வேதி முறையில் பாலிஅனிலின் பூசி, அது சல்பூரிக் அமிலத்தில் எஃகைச் செயலற்ற நிலையிலேயே பிடித்து வைப்பதைக் காட்டினார். பாலிமர் எஃகின் மின்னழுத்தத்தை உயர்த்தி, அதன் ஆக்சைடு தன்னைத் தானே சரிசெய்துகொள்ள உதவுகிறது. அதன் பிறகு கிளம்பிய உற்சாகம் மிகப் பெரியது. ஆனால் அதே குணம் ஆபத்தாகவும் மாறும். உப்புநீரில், படலத்தில் ஒரு கீறல் விழுந்து குளோரைடு உள்ளே போனால், கடத்தும் பாலிமரின் பெரிய பரப்பு எதிர்மின்முனையாகவும், கீறலில் தெரியும் சின்ன எஃகுப் பகுதி நேர்மின்முனையாகவும் மாறி, அரிப்பு அந்த ஒரு புள்ளியில் குவிந்துவிடும். பூச்சில்லாத எஃகைவிட வேகமாகக் குழி விழக்கூடும். எனவே சாதாரண எஃகில் பாலிஅனிலினை மட்டும் பூசிவிட்டுப் பாதுகாப்பு கிடைத்துவிட்டது என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். மேலே தடுப்புப் பூச்சு ஒன்று கட்டாயம் வேண்டும். பெரிய கட்டமைப்புகளுக்கு, வேதி முறையில் தயாரித்த பாலிஅனிலின் தூளைப் பெயிண்டில் கலந்து அடிப்பதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும்.

தடிமன் எவ்வளவு என்று கேட்பீர்கள். செலவான மின்னூட்டத்திலிருந்து தோராயமாகக் கணக்கிடலாம். சங்கிலியில் ஒரு அலகு சேர 2 எலக்ட்ரான், அதை டோப் செய்ய, அதாவது கடத்தும் பச்சை வடிவத்துக்கு மாற்ற, அரை எலக்ட்ரான், மொத்தம் 2.5 என்று வையுங்கள். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 100 மில்லிகூலும் செலவானால், ஃபாரடே மாறிலி 96,485-ஆல் வகுத்துப் பார்க்கும்போது சுமார் 0.41 மைக்ரோமோல் அலகுகள் கிடைக்கும். சல்பூரிக் அமிலத்திலிருந்து உள்ளே நுழையும் பைசல்பேட் அயனியையும் சேர்த்து ஓர் அலகின் நிறை ஏறத்தாழ 140, ஆகவே 58 மைக்ரோகிராம். அடர்த்தி 1.4 என்றால் தடிமன் 0.4 மைக்ரோமீட்டர். உண்மையான படலம் பஞ்சுபோல இருப்பதால் இதைவிடத் தடிப்பாக அளவாகும். எஃகில் இந்தக் கணக்கு செல்லாது, அங்கே மின்னூட்டத்தின் ஒரு பங்கை இரும்பு தின்றுவிடுகிறது.

ஒட்டுதலுக்குச் சில கைப்பழக்கங்கள். எஃகைப் படிப்படியாக மெல்லிய உப்புத்தாளில் தேய்த்து, அசிட்டோனில் எண்ணெய்ப் பசையைப் போக்கி, காய்ந்து துரு ஏறுவதற்குள் கரைசலில் இறக்குங்கள். தங்கத்தில் செய்வதானால் முதலில் பாரா-அமினோதயோஃபீனாலின் ஒற்றை அடுக்கைப் படியவிடுங்கள். கந்தகம் தங்கத்தைப் பிடித்துக்கொள்ளும், மறுமுனையில் உள்ள அனிலின் போன்ற பகுதியிலிருந்தே பாலிமர் முளைக்கும். படலம் வந்தபின் வெறும் நீரில் கழுவாதீர்கள், நீர் அமிலத்தை இழுத்துக்கொண்டால் பச்சை நீலமாகி, கடத்தல் போய்விடும். அனிலின் இல்லாத அதே அமிலத்தை நீர்த்துக் கழுவுங்கள். சூடாக்கி அவசரமாக உலர்த்தாதீர்கள், நீர் நிறைந்த தடித்த படலம் சுருங்கும்போது வெடித்து, ஓடு ஓடாக எழும்பிவிடும்.

அனிலின் பழுப்பாக இருந்தால் பயன்படுத்தாதீர்கள். நல்ல அனிலின் நிறமில்லாதது. கொஞ்சம் துத்தநாகத் தூள் சேர்த்து, குறைந்த அழுத்தத்தில் வாலைவடித்து, இருட்டில் வைத்துக்கொள்ளுங்கள். மறுமுறை வராத முடிவுகளில் பாதிக்குக் காரணம் பழைய அனிலின்தான் என்பது என் அனுபவம்.

பாதுகாப்பில் விளையாட வேண்டாம். அனிலின் தோல் வழியாகவே உடலுக்குள் போகும், இரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜன் சுமக்க முடியாத வடிவத்துக்கு மாற்றும். உதடும் நகமும் நீலம் பாரிப்பது அதன் அறிகுறி. ஃபினிலீன்டைஅமீன்களும் நச்சு, தோலில் ஒவ்வாமையும் தரும். இன்னொன்று அதிகம் பேசப்படுவதில்லை: அனிலின் ஆக்சிஜனேற்றத்தில் இரண்டு வளையங்கள் பாராவும் பாராவுமாக இணைந்தால் கிடைப்பது பென்சிடின். அது மனிதர்களில் புற்றுநோய் உண்டாக்குவது என்று உறுதியான பொருள். அளவு சிறிதாக இருந்தாலும், மிச்சக் கரைசலைத் தொட்டியில் ஊற்றாமல் அபாயக் கழிவாகச் சேர்த்து வையுங்கள். காற்றிழுப்பு அறைக்குள் வேலை செய்யுங்கள். மெல்லிய கையுறை அனிலினை வெகுநேரம் தடுக்காது, சிந்தினால் உடனே மாற்றுங்கள்.

உங்கள் எஃகுத் தகட்டுக்கு நான் முதலில் செய்து பார்ப்பது இதுதான்: சல்பூரிக் அமிலத்தை விட்டுவிட்டு ஆக்சாலிக் அமிலக் கலவைக்கு மாறுங்கள். அனிலின் சேர்க்காத ஆக்சாலிக் அமிலத்தில் ஒரு தகட்டை ஓட்டி, மின்னழுத்தம் எப்போது தாவுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் அனிலினோடு இன்னொரு தகட்டை ஓட்டி இரண்டு வரைபடங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள். தாவலுக்கு முன்னால் இரண்டும் ஒத்துப்போனால், அந்தப் பகுதி முழுக்க இரும்பின் வேலை என்று தெரிந்துவிடும். அது எவ்வளவு நேரம் நீள்கிறது என்று பாருங்கள், மின்னோட்ட அடர்த்தியைக் கூட்டி அந்த நேரத்தைச் சுருக்குங்கள். படலம் வந்ததும் பசைநாடாவை ஒட்டி இழுத்துப் பாருங்கள். பச்சை நாடாவோடு வருகிறதா, தகட்டிலேயே நிற்கிறதா என்பதையும், அந்த இரண்டு வரைபடங்களையும் எழுதி அனுப்புங்கள், அங்கிருந்து பேசலாம்.